"அடுத்த வருஷம் என்ன புதுசா வரும்?" - வாடிக்கையாளர் கேட்டால் விற்பனையாளர் என்ன சொல்வது?



பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணி, கூட்டம் குறைந்த நேரம். ஓர் இளைஞர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைக் கணக்குக்கான மென்பொருளை முதலாளிக்கு விளக்கிக் கொண்டிருக்கிறார். சரக்கு இருப்பு இப்படித் தெரியும், ரசீது இப்படி வரும், மாதக் கணக்கு இப்படி முடியும் என்று முக்கால் மணி நேரம் தடுமாறாமல் பேசுகிறார். முதலாளிக்கும் பிடித்துப் போகிறது. தே தாரேக் வரவழைத்துக் கொடுக்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்.

"எல்லாம் சரிதான் தம்பி. அடுத்த வருஷம் இதில என்ன புதுசா வரும்? இப்ப நான் வாங்கிட்டு, நாளைக்கு வேற ஒண்ணு வந்துட்டா என்ன செய்யிறது?"

அதுவரை சரளமாகப் பேசியவர் இங்கேதான் திணறுகிறார். பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "எல்லாம் வரும் அண்ணே, கவலையே படாதீங்க!" என்பது ஒன்று. "அது எனக்குத் தெரியாது அண்ணே, கம்பெனிதான் முடிவு பண்ணும்" என்பது மற்றொன்று. முதல் பதிலில் கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் எட்டு மாதம் கழித்து அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. இரண்டாவது பதிலில் கையெழுத்தே கிடைக்காது. தன் நிறுவனம் எங்கே போகிறது என்று தனக்கே தெரியாத ஒருவரிடம் யார் பணத்தைக் கொடுப்பார்கள்?

ஒரு பொருளில் இனி என்னென்ன வரப்போகின்றன, ஏறத்தாழ எப்போது வரும் என்று நிறுவனங்கள் வைத்திருக்கும் திட்டத்தை வணிக உலகில் 'ரோட்மேப்' என்கிறார்கள். நாம் இங்கே வருங்காலத் திட்டம் என்றே சொல்வோம். கணினி மென்பொருளுக்கு மட்டும் உரியதல்ல இது. கார் விற்பவர், தண்ணீர் வடிகட்டி விற்பவர், கைப்பேசித் திட்டம் விற்பவர், காப்புறுதி முகவர், வீடு விற்பவர் என எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்த வேலைகளில் இருக்கிறார்கள். பொருளை விளக்க அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வரப்போவதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

<b>கிள்ளானில் நான் கற்றது</b>

என் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். பொருள் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., 2015 ஏப்ரல் முதல் தேதி 6 விழுக்காட்டில் தொடங்கப் போகிறது என்று நாடே பரபரப்பாக இருந்த நேரம். ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் பதிந்துகொண்டே ஆக வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக் கொண்டிருந்த கடைகள்கூட மென்பொருள் தேடின. சிறு, நடுத்தர வணிகங்கள் அதை வாங்க 1,000 ரிங்கிட் உதவித் தொகைச் சீட்டையும் அரசாங்கம் அறிவித்திருந்தது. எங்களைப் போன்ற விற்பனையாளர்களுக்கு அது ஓர் அறுவடைக் காலம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு மளிகைக் கடை. அவர்களுக்கே இன்னோர் இடத்தில் ஒரு கிளை. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ரெண்டு கடைக் கணக்கும் ஒண்ணா சேர்ந்து வருமா?" அப்போது வராது. ஆனால் முந்தைய வாரம் எங்கள் விற்பனைக் கூட்டத்தில், அடுத்த பதிப்பில் அது இருக்கும் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் ஒரு கணமும் யோசிக்காமல், "மார்ச் மாசத்துக்குள்ள வந்துடும் அண்ணே" என்றேன். மார்ச் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏப்ரலில் வரி தொடங்குகிறது, ஆகவே மார்ச்சில் வந்துவிடத்தானே வேண்டும் என்று நானே போட்ட கணக்கு அது.

மார்ச்சில் வரவில்லை. ஜூனிலும் வரவில்லை. முதல் மூன்று மாதக் கணக்கை ஜூலை இறுதிக்குள் சுங்கத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அந்த ஜூலை மாதத்தில் முதலாளியின் மனைவியும் மகளும் கடையடைத்த பிறகு உட்கார்ந்து, இரண்டு கடைகளின் கணக்கையும் கையால் கூட்டிக் கொண்டிருந்தார்கள். நான் போனபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. "தம்பி, இப்ப வராதுன்னு சொல்லியிருந்தாகூட வாங்கியிருப்பேன். மார்ச்சுல வரும்னு நீங்க சொன்னதாலதான் கணக்குப் பார்க்க ஓர் ஆளைத் தேடாம விட்டுட்டேன்" என்றார்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நான் அவருக்கு ஒரு மென்பொருளை விற்றதாக நினைத்தேன். அவரோ என் வாயிலிருந்து வந்த ஒரு மாதத்தின் பெயரையும் சேர்த்து வாங்கியிருந்தார். அதை நம்பி ஒரு முடிவு எடுத்திருந்தார்: ஆள் வேண்டாம் என்ற முடிவு. விற்பனையாளர் வரப்போவதைப் பற்றிப் பேசும்போது நடப்பது இதுதான். கேட்பவர் சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பதிலை வைத்து அவர் ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறார், அல்லது செய்யாமல் விடப் போகிறார்.

இன்னொன்று. எனக்குத் தெரியாதது மென்பொருளின் தேதி மட்டுமல்ல. வரியின் கதையையும் நான் அறியாமல்தான் பேசிக் கொண்டிருந்தேன். பொருள் சேவை வரி 2007ஆம் ஆண்டு தொடங்கும் என்று 2004ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் தள்ளி வைக்கப்பட்டது. 2009 டிசம்பரில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, அதுவும் நின்றது. 2013 அக்டோபரில் மீண்டும் அறிவிப்பு, 2015 ஏப்ரலில் நடைமுறை. அதோடு முடிந்ததா? 2018 மே 9ஆம் தேதி பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. அதே மாதம் 16ஆம் தேதி அறிவிப்பு வந்தது; ஜூன் முதல் தேதியிலிருந்து வரி பூஜ்ஜியம் விழுக்காடு. செப்டம்பர் முதல் தேதி பழைய விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. 2018 தொடக்கத்தில் ஒரு விற்பனையாளர், "இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த ஜி.எஸ்.டி. பதிப்பே போதும் அண்ணே" என்று சொல்லியிருந்தால் அவர் பொய்யர் அல்லர். தன் கையில் இல்லாத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்.

<b>திருவண்ணாமலையில் வளர்ந்த ஒருவரின் கதை</b>

வரப்போவதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினால் என்னவாகும் என்பதற்கு உலக வணிகத்தில் ஒருவரின் பெயரையே சூட்டி வைத்திருக்கிறார்கள். 'ஆஸ்போர்ன் விளைவு' என்பார்கள். அந்த ஆஸ்போர்ன் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

ஆடம் ஆஸ்போர்ன் 1939ஆம் ஆண்டு பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியவர். மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியர் பிடியில் பாங்காக்கில் அடைபட்டிருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். அந்தச் சிறுவன் அங்கே தமிழ் பேசி வளர்ந்தான். பின்னர் இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய், வேதிப் பொறியியல் படித்து, கணினி நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார்.

1981ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம்தான். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்கு 1,795 அமெரிக்க டாலர் விலையில், எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் தேவையான மென்பொருள்களையும் சேர்த்தே கொடுத்தார். மாதம் 10,000 வரைகூட விற்றது.

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதைவிடச் சிறந்த 'எக்ஸிகியூட்டிவ்' என்ற கணினி வரப்போகிறது என்பது பத்திரிகையாளர்கள் வழியாக வெளியே தெரிந்தது. புதியது கடைக்கு வருவதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் கொடுத்திருந்த ஆர்டரை ரத்து செய்தார்கள். பழைய கணினிகள் குவிந்து கிடக்க, பணம் வராமல் போக, 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தொடங்கி மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், அந்த ஒரு வாய்ப்பேச்சே நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று எல்லோரும் ஏற்பதில்லை. கேப்ரோ என்ற போட்டிக் கணினி 9 அங்குலத் திரையோடு வந்து சந்தையைப் பிடித்தது, ஐ.பி.எம். வகைக் கணினிகளை ஒட்டி காம்பேக் வந்தது, உள் நிர்வாகத்திலும் குளறுபடி இருந்தது என்று பிற காரணங்களையும் காட்டுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் விற்பனைக் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: 'அடுத்தது இதைவிட நல்லது' என்று நீங்களே சொன்ன பிறகு, இன்றைக்குக் கையில் இருக்கும் பொருளை எப்படி விற்பது? ஆஸ்போர்ன் 1992ஆம் ஆண்டு இந்தியாவுக்கே திரும்பினார். 2003ஆம் ஆண்டு கொடைக்கானலில் காலமானார். தான் செய்த கணினியைவிட, தன் பெயரால் வழங்கும் அந்த எச்சரிக்கைக்காகவே இன்று அவர் அதிகம் நினைக்கப்படுகிறார் என்பது ஒரு சோகம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மைக்ரோசாப்ட் தன் 'விண்டோஸ்' மென்பொருளை 1983 நவம்பரில் அறிவித்தது. அது கைக்குக் கிடைத்தது 1985 நவம்பரில்தான். இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. நிறுவனம் அழியவில்லை. 'அதுதான் வரப்போகிறதே' என்று மற்றவர்களின் பொருளை வாங்காமல் சிலரைக் காத்திருக்க வைப்பதற்கும் இத்தகைய அறிவிப்பு பயன்படும். பெரிய நிறுவனம் தாங்கும். பிரிக்பீல்ட்ஸில் மாதம் இருபது கடை ஏறி இறங்கும் ஒரு பிரதிநிதி தாங்க மாட்டார்.

<b>கேள்விக்குப் பின்னால் இருப்பது</b>

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அதுவும் தவறு. கடைக்காரர் ஒரு மென்பொருளை வாங்கினால் நான்கைந்து ஆண்டுகள் அதோடு வாழப் போகிறார். பழைய கணக்கை எல்லாம் அதில் ஏற்றுவார், பணியாளருக்குப் பழக்குவார். அது எந்தத் திசையில் போகிறது என்று கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் பதில் சொல்வதற்கு முன், அவர் ஏன் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். சிலருக்குப் பயம். முன்பு எங்கோ வாங்கிய பொருள் ஆறு மாதத்தில் பழசாகி, உதிரிபாகம் கிடைக்காமல் போன அனுபவம் இருக்கும். அவருக்குப் புதிய வசதிகளின் பட்டியல் வேண்டாம்; வாங்கியதை எத்தனை ஆண்டு பராமரிப்பீர்கள் என்ற உறுதி போதும். சிலருக்கு ஒரு குறிப்பிட்ட தேவை இருக்கும், கிள்ளான் முதலாளிக்கு இருந்ததைப் போல. இன்னும் சிலருக்கு வாங்கும் எண்ணமே இல்லை. முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல், "அடுத்த மாடல் வரட்டும், பார்க்கலாம்" என்பார்கள். நம்மவர்களிடம் இது அதிகம். அவரிடம் வருங்காலத் திட்டத்தை விரித்துக் கொண்டிருந்தால், வாங்காமல் இருப்பதற்கு நீங்களே அவருக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே முதலில் திருப்பிக் கேளுங்கள். "எந்த வசதி வேணும்னு எதிர்பார்க்கிறீங்க அண்ணே? இப்ப அந்த வேலையை எப்படிச் செய்யிறீங்க?" இந்த இரண்டு கேள்விகளை அன்று நான் கேட்டிருந்தால், அவர் ஓர் ஆளை வேலைக்கு வைக்கலாமா என்று யோசித்துக் கொண்டிருப்பது தெரிந்திருக்கும். அந்த ஆளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். மென்பொருளும் விற்றிருக்கும்.

பிறகு, சொல்லப் போவதை மூன்று சொற்களால் பிரித்துக்கொள்ளுங்கள். இருக்கிறது, செய்துகொண்டிருக்கிறோம், யோசனையில் இருக்கிறது. 'இருக்கிறது' என்றால் இப்போதே, இந்த மேசை மேலேயே காட்ட முடிய வேண்டும். 'செய்துகொண்டிருக்கிறோம்' என்றால் வேலை நடக்கிறது, சோதிக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு வரவில்லை. 'யோசனையில்' என்றால் பேச்சளவில்தான், வராமலும் போகலாம். மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. 'வரும்' என்ற சொல்லைத் தமிழில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் என்று பாருங்கள். நாளைக்கு வரும் பேருந்தும் வரும், என்றைக்கோ வரும் நல்ல காலமும் வரும்! அந்தச் சொல்லைத் தனியாக விடாதீர்கள்.

பேச்சு இப்படிப் போகலாம்:

"ரெண்டு கடைக் கணக்கும் சேர்ந்து வருமா தம்பி?"

"இப்ப வராது அண்ணே. அதைச் செஞ்சிக்கிட்டு இருக்காங்க. ஆனா தேதி எனக்குக் கொடுக்கல, அதனால நானும் உங்களுக்கு ஒரு தேதி சொல்ல மாட்டேன். இப்ப இருக்கிறதை வச்சே உங்க வேலை முடியுமான்னு முதல்ல பார்ப்போம்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா, இது உங்களுக்குச் சரிப்படாது. இல்ல, அது வர்ற வரைக்கும் ஒரு ஆள் வேணும். அந்தச் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க."

இப்படிப் பேசினால் சில விற்பனை கைவிட்டுப் போகும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

தேதி சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தால், மாதத்தைச் சொல்லாதீர்கள். அடுத்த ஆண்டின் முற்பாதி, பிற்பாதி என்ற அளவோடு நிறுத்துங்கள். 'இன்றைய நிலவரப்படி' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போட்டி நிறுவனம் எப்போது எதை வெளியிடும் என்பதைப் பற்றி வாயைத் திறக்கவே வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் தேதியே உங்களுக்குச் சரியாகத் தெரியாதபோது அவர்களுடையது எப்படித் தெரியும்?

<b>எழுத்தில் வந்தால்</b>

வாயால் சொல்வது ஒரு பங்கு என்றால், கொட்டேஷனிலும் வாட்ஸ்ஆப்பிலும் எழுதுவது பத்துப் பங்கு. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 18ஆம் பிரிவில், தவறான கூற்று என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒருவர் தான் உண்மை என்று நம்பியே ஒன்றைச் சொன்னாலும், அவர் கையில் இருந்த தகவல் இடம் கொடுக்காத அளவுக்கு அடித்துச் சொல்லி, அது உண்மையல்ல என்றானால், அதுவும் தவறான கூற்றுக்குள் வரும். அத்தகைய கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை, பாதிக்கப்பட்டவர் செல்லாததாக்கக் கோரலாம். எதிர்காலத்தைப் பற்றிய எல்லா ஊகமும் இதில் வந்துவிடாது. வழக்குக்கு வழக்கு மாறும். ஆனால் 'செய்துகொண்டிருக்கிறோம்' என்பதை 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கியவருக்கு 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வியாபாரத்துக்கு வாங்கிய கடைக்காரர் இந்த வழியில் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒப்பந்தமே கதி.

நிறுவனத்துக்கும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. 2018 முதல் நடப்பில் உள்ள எம்.எப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கியல் நெறியைப் பின்பற்றும் நிறுவனங்கள், பின்னால் ஒரு வசதியைத் தருவதாக விற்பனையின்போது உறுதி கொடுத்திருந்தால், அந்த உறுதிக்குரிய பங்கை இப்போதே வருமானமாகக் காட்ட முடியாமல் போகலாம். அதைக் கொடுத்த பிறகுதான் காட்ட முடியும். கிள்ளானில் ஒரு பிரதிநிதி வாய்தவறிக் கொடுத்த வாக்கு, கோலாலம்பூர் தலைமையகத்தில் கணக்காய்வாளரின் தலைவலியாகிறது.

எனவே பழி முழுவதையும் பிரதிநிதியின் மேல் போடுவது நியாயமில்லை. அவருக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. கமிஷனில்தான் வண்டி ஓடுகிறது. கமிஷன் இந்த மாதம் வரும், வாக்கு பொய்த்துப் போவது அடுத்த வருடம்தான். இப்படி ஏற்பாடு செய்துவிட்டு, அவரை அளந்து பேசச் சொன்னால் எப்படி? நிறுவனம் செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. ஒரே ஒரு தாள். வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடியவை எவை, நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டியவை எவை என்று அதில் பிரித்து எழுத வேண்டும். தேதி போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்து, பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய வாடிக்கையாளர் விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பொருளை உருவாக்குபவரையே அழைத்துப் போய்ப் பேச வைக்கலாம். விற்பனைக் கூட்டத்தில் காதில் விழுந்ததை எல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்று எனக்கு 2014இல் யாராவது சொல்லியிருந்தால் ஒரு குடும்பம் ஜூலை மாதத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

<b>அரசாங்கத்தின் தேதி, நிறுவனத்தின் தேதி</b>

அண்மைய உதாரணம் ஒன்று. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்னியல் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். முதலில் 2024 ஜூன் என்றார்கள். பிறகு 2024 ஆகஸ்டு முதல் தேதி, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோருக்கு 2025 ஜனவரி, 50 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு 2025 ஜூலை, அதற்குக் கீழே 2026 ஜனவரி என்று படிப்படியாக வந்தது. சிறு வணிகர்களுக்கான விலக்கு எல்லை முதலில் ஒன்றரை லட்சம் ரிங்கிட்டாக இருந்தது, ஐந்து லட்சமாயிற்று, 2025 டிசம்பரில் பத்து லட்சம் என்று அறிவிக்கப்பட்டது.

இந்த மாற்றங்களுக்கு நடுவே பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மென்பொருள் விற்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு எட்டு லட்சம் வியாபாரம் செய்யும் ஒரு பூக்கடைக்காரரிடம், "உங்களுக்குக் கட்டாயம் வரப்போகுது, இப்பவே வாங்கிடுங்க" என்று அவசரப்படுத்தி விற்றவர் இருப்பார். "உங்க வரம்புக்கான தேதி இன்னைக்கு இது, அரசாங்கம் மாத்தலாம். எங்க மென்பொருள் தயாரா இருக்கு, மாசக் கட்டணத்தை நீங்க தேவைப்படும்போது தொடங்கிக்கலாம். வாரியத்தோட 'மைஇன்வாய்ஸ்' தளம் இலவசம்தான், சின்ன வியாபாரத்துக்கு அதுவே போதுமான்னும் பாருங்க" என்று சொன்னவரும் இருப்பார். 2025 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பூக்கடைக்குள் இவர்களில் யார் தைரியமாக நுழைய முடியும்?

தேதி யாருடையது என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் இங்கே முக்கியம். அரசாங்கத்தின் தேதியை உங்கள் வாக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள். கிள்ளானில் வீடு விற்ற முகவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரையிலான எல்.ஆர்.டி.3 ரயில் திட்டத்தில், 2018ஆம் ஆண்டுச் செலவுக் குறைப்பின்போது ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும் அவற்றில் அடக்கம். 2023 அக்டோபரில் அவற்றைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது. 'நிலையம் வாசலிலேயே வருகிறது' என்று 2017இல் கேட்டு வாங்கியவர் அந்த ஆண்டுகளில் முகவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, சொன்னது நடக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வசதி தள்ளிப்போனது உங்களுக்குத் தெரிந்த அன்றே நேரில் போங்கள், வாட்ஸ்ஆப் வேண்டாம். காரணத்தை நீட்டி முழக்காமல், அதுவரைக்கும் அவர் வேலை எப்படி நடக்கும் என்பதைப் பேசுங்கள். நான் ஜூலையில் போனேன். மார்ச்சில் போயிருக்க வேண்டும். அன்று இரவு பத்து மணி வரை அந்த மகளோடு உட்கார்ந்து, இரண்டு கடைக் கணக்கையும் ஒரு எக்ஸெல் தாளில் சேர்க்கும் வழியைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த காலாண்டுக் கணக்கை அவர்களே அதில் முடித்தார்கள்.

வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "என்ன புதுசா வரும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்களுக்கு வேண்டிய வசதியின் பெயரைச் சொல்லி, "இது இருக்கிறதா, செய்கிறீர்களா, யோசனையா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் காட்டச் சொல்லுங்கள். செய்கிறோம் என்றால், அது வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு, பதிலைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வசதி இல்லாமலேயே இந்த விலைக்கு வாங்கலாமா என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.